ஏப்ரல் 2: தலைகீழாய்ப் போன வரிசை

அமெரிக்காவில் மூன்று வயதுக் குதிரைகளுக்கு வசந்த காலத்தில் நடக்கும் பெரிய பந்தயங்கள் பெரும்பாலும் மே மாதத்தின் முதல் சனிக்கிழமையைக் குறிவைத்தவை. அன்றுதான் லூயிவில் நகரின் சர்ச்சில் டவுன்ஸில் கென்டக்கி டெர்பி. அதில் இருப்பது 20 இடங்கள். முன்னோட்டப் பந்தயங்களில் சேர்த்த புள்ளிகளை வைத்தே அந்த இடங்கள் நிரம்பும். 2022இல் டெர்பிக்குச் சரியாக ஐந்து வாரம் முன்பு, ஏப்ரல் 2 சனிக்கிழமை, ஒரே நாளில் அப்படி மூன்று பந்தயங்கள் நடந்தன. ஃப்ளோரிடாவின் கல்ஃப்ஸ்ட்ரீம் பார்க்கில் ஃப்ளோரிடா டெர்பி: வைட் அபாரியோ முதலிடம், சார்ஜ் இட் இரண்டாவது, சிம்ப்ளிஃபிகேஷன் மூன்றாவது. ஆர்கன்சாவின் ஓக்லான் பார்க்கில் ஆர்கன்சா டெர்பி: சைபர்நைஃப் முதலிடம், பார்பர் ரோடு இரண்டாவது, ஆண் குதிரைகளோடு மோத வந்த பெண் குதிரை சீக்ரெட் ஓத் மூன்றாவது. கென்டக்கியின் டர்ஃப்வே பார்க்கில், செயற்கைத் தளத்தில், ஜெஃப் ரூபி ஸ்டேக்ஸ்: டிஸ் த பாம், டானி போர்ட், ரிச் ஸ்ட்ரைக். மூன்றும் ஒன்பது பர்லாங் தூரம். மூன்றிலும் முதலிடத்துக்கு 100 புள்ளி, அடுத்தடுத்த இடங்களுக்கு 40, 20, 10.

அன்றைய மாலையில் எழுதப்பட்ட அலசல்களில் வைட் அபாரியோவும் சைபர்நைஃபும்தான் தலைப்பில் நின்றன. அதில் தவறும் இல்லை, ஜெயித்தவை அவைதானே. ஐந்து வாரம் கழித்து டெர்பி ஓடி முடிந்தபோது வைட் அபாரியோ 16ஆவது, சார்ஜ் இட் 17, சைபர்நைஃப் 18. ஆனால் ஃப்ளோரிடாவில் இந்த முதல் இரண்டுக்கும் பின்னால் வந்த சிம்ப்ளிஃபிகேஷன் நான்காவது. ஓக்லானில் சைபர்நைஃபிடம் இரண்டே முக்கால் குதிரை நீளத்தில் தோற்ற பார்பர் ரோடு ஆறாவது. டர்ஃப்வே கணக்கு அப்படியே தலைகீழ்: டிஸ் த பாம் ஒன்பது, டானி போர்ட் ஏழு, ரிச் ஸ்ட்ரைக் ஒன்று. ஒன்பது குதிரைகளில் டெர்பிக்கு வராத ஒரே குதிரை சீக்ரெட் ஓத். அது முந்தின நாள் வெள்ளிக்கிழமை, பெண் குதிரைகளுக்கான கென்டக்கி ஓக்ஸில் ஓடி ஜெயித்துவிட்டது. அந்தச் சனிக்கிழமை மூன்றாவதாக வந்த மூன்று குதிரைகளின் அடுத்த பெரிய நாள் இப்படி: ஒன்று டெர்பி வென்றது, ஒன்று ஓக்ஸ் வென்றது, ஒன்று டெர்பியில் நான்காவது.

இதைக் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று தள்ளிவிடலாம். மூன்றாவது வந்த குதிரை மேல் பணம் கட்டு என்று இதிலிருந்து ஒரு சூத்திரம் செய்பவர் பர்ஸைப் பத்திரமாக வைத்துக்கொள்வது நல்லது. இடங்களின் எண்களை விட்டுவிட்டு, அந்த இடங்களுக்கு ஒவ்வொரு குதிரையும் எப்படி வந்தது என்று பார்த்தால் வேறொன்று தெரிகிறது. முன்னோட்டப் பந்தயம் ஒரு குதிரைக்குத் திறமை இருக்கிறதா என்பதைச் சொல்லும். நெரிசலில், பின்தங்கிய நிலையில், கணக்கு தவறிய நேரத்தில் அந்தத் திறமை நிற்குமா என்பதை முதலிடம் சொல்லாது. பெரும்பாலும் தோற்ற குதிரையின் ஓட்டம்தான் அதைச் சொல்லும். டெர்பி கேட்பதோ அந்த இரண்டாவது கேள்வியை.

டெர்பி எப்படிப்பட்ட பந்தயம் என்பதற்கு 2022ஐ விட நல்ல சாட்சி கிடைக்காது. துபாயிலிருந்து வந்த சம்மர் இஸ் டுமாரோ முதல் கால் மைலை 21.78 விநாடியில் கடந்தது. டெர்பி வரலாற்றிலேயே அதுதான் மிக வேகமான தொடக்கம். அரை மைல் 45.36 விநாடி. பத்து பர்லாங் ஓட வேண்டிய குதிரைகள் இப்படிப் பறந்தால் முடிவு என்னவாகும் என்பது தெரிந்ததுதான்: சம்மர் இஸ் டுமாரோ கடைசி, முன்வரிசையிலேயே ஓடிய கிரவுன் பிரைடு 13, மெசியர் 15. ரிச் ஸ்ட்ரைக் கிளம்பியது வெளிக்கோடியிலிருந்து, 20ஆவது கேட். ஜாக்கி சானி லியோன் அவசரப்படவில்லை. குதிரையை மெல்ல உள்வேலிக்கு இறக்கி, ஏறக்குறைய எல்லாக் குதிரைகளுக்கும் பின்னால் வைத்திருந்தார். கடைசித் திருப்பத்தில் ஒவ்வொன்றாகக் கடந்து வந்தபோது, களைத்துப் பின்வாங்கிய மெசியர் நேரே வழியில் நின்றது. வெளியே ஓரடி வைத்து அதைச் சுற்றி, மறுபடி வேலியோரம் புகுந்து, முன்னணியில் எபிசென்டரும் ஸான்டனும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு ஓடிய நேரத்தில் உள்ளே நழுவிப் போய் முக்கால் நீளத்தில் ஜெயித்தார். மேலிருந்து எடுத்த அந்தக் காட்சியைப் பார்த்தால், குதிரையின் வேகத்தைவிட, இடைவெளி கிடைத்த கணத்தில் தயங்காமல் நுழைந்த அதன் துணிவுதான் கண்ணில் படும். முன்னால் தடையே இல்லாமல் ஓடிப் பழகிய குதிரை அந்த இடத்தில் தலையைத் தூக்கி நின்றிருக்கும்.

அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? டெர்பிக்கு முன் ரிச் ஸ்ட்ரைக் ஏழு முறை ஓடியிருந்தது, ஜெயித்தது ஒரே முறை. மீதி ஆறும் தோற்ற ஓட்டங்கள். சிம்ப்ளிஃபிகேஷனை எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரி முதல் தேதி தொடங்கி ஃப்ளோரிடா டெர்பி வரை கல்ஃப்ஸ்ட்ரீமின் நான்கு பந்தயங்களிலும் ஓடியது. அதில் இரண்டில் ஜெயித்து, ஒன்றில் இரண்டாவது, ஒன்றில் மூன்றாவது. பார்பர் ரோடு ஓக்லானின் நான்கு டெர்பி முன்னோட்டங்களிலும் இறங்கியது. ஒன்றிலும் முதலிடம் இல்லை, ஒன்றிலும் மூன்றாமிடத்துக்குக் கீழே போகவும் இல்லை. இவற்றுக்கு எதிர்முனையில் சார்ஜ் இட். ஃப்ளோரிடா டெர்பிதான் அதற்கு மூன்றாவது ஓட்டமும் முதல் பெரிய பந்தயமும். நேர்கோட்டில் இன்னும் பக்குவப்படாத குதிரையாக ஓடியும் இரண்டாவது வந்ததை அன்று பலர் பெரிய நம்பிக்கையாகப் படித்தார்கள். இவ்வளவு கத்துக்குட்டித்தனமாக ஓடியே இரண்டாவது என்றால் தேறினால் என்னவாகும் என்பது அவர்கள் வாதம். வாதம் சரிதான். ஆனால் தேறுவதற்கு ஐந்து வாரம் போதவில்லை. அதே வசந்தத்தில் சான்டா அனிடா டெர்பியை இரண்டாவது ஓட்டத்திலேயே ஜெயித்த டைபாவும் சர்ச்சில் டவுன்ஸில் 12ஆவதாக வந்தது.

சீக்ரெட் ஓத் கதை இன்னும் தெளிவு. கூட்டம் அதைத்தான் ஆர்கன்சா டெர்பியில் முதல் தேர்வாக்கியிருந்தது. அதன் பயிற்சியாளர் டி. வேய்ன் லூகாஸ், 1988இல் வின்னிங் கலர்ஸ் என்ற பெண் குதிரையை வைத்து டெர்பி ஜெயித்தவர். அதற்குப் பிறகு எந்தப் பெண் குதிரையும் டெர்பி வென்றதில்லை. அன்று சீக்ரெட் ஓத் கேட்டை விட்டு மெதுவாக வந்தது. பின்தங்கியதைச் சரிக்கட்ட, திருப்பத்தில் வெளிப்புறமாகச் சுற்றி ஒரே மூச்சில் எல்லோரையும் எட்டிப் பிடிக்கப் பார்த்து, நேர்கோட்டில் மூச்சு தீர்ந்தது. தாள் மேல் அது ஒரு ஃபேவரிட்டின் தோல்வி. ஓட்டத்தைப் பார்த்தவருக்கோ, ஆண் குதிரைகளுக்கு நடுவே, தேவைக்கு மேல் தூரம் ஓடி, அப்படியும் மூன்றாவதாக நின்ற ஒரு குதிரை. லூகாஸ் ஜாக்கியை மாற்றி, அதைப் பெண் குதிரைகளுக்கான பந்தயத்துக்கே திருப்பினார். ஓக்ஸ் கிடைத்தது. அதே வெள்ளிக்கிழமை காலை அவர் தன்னுடைய இன்னொரு குதிரையான ஈதீரியல் ரோடை டெர்பியிலிருந்து விலக்கியதால்தான், 21 புள்ளியோடு வாசலில் காத்துக்கிடந்த ரிச் ஸ்ட்ரைக்குக்கு இடமே கிடைத்தது என்பது கதாசிரியர்கள்கூட எழுதத் தயங்கும் திருப்பம்.

முடிவு தெரிந்த பிறகு காரணம் கண்டுபிடிப்பது எளிது என்பார்கள். நியாயமான மறுப்பு. ரிச் ஸ்ட்ரைக் 80க்கு 1 என்ற விலையில் ஓடியது. இரண்டு டாலர் கட்டியவருக்கு 163 டாலர் 60 சென்ட். 1913இல் வென்ற டோனரெயிலுக்குப் பிறகு அவ்வளவு பெரிய விலையில் எந்தக் குதிரையும் டெர்பி ஜெயித்ததில்லை. அதை ஏப்ரல் 2 மாலையிலேயே கண்டுபிடித்திருக்கலாம் என்று சொன்னால் அது வெறும் வீறாப்பு. சொல்ல வருவது சின்னது: அந்த விலைக்கு அடியில் இருந்த கணிப்புகளில் இரண்டு, அன்றே தவறானவை. ஒன்று, செயற்கைத் தளத்தில் ஓடியதால் டர்ஃப்வே முடிவு மண் தடத்துக்கு உதவாது என்பது. 2011இல் அனிமல் கிங்டம் அதே பந்தயத்தை, அன்று ஸ்பைரல் ஸ்டேக்ஸ் என்ற பெயரில், ஜெயித்துவிட்டுத்தான் டெர்பியை எடுத்தது. மற்றொன்று, ரிச் ஸ்ட்ரைக் செயற்கைத் தளக் குதிரை என்பது. அதன் ஒரே வெற்றி 2021 செப்டம்பரில், சர்ச்சில் டவுன்ஸின் அதே மண்ணில், பதினேழே கால் நீள வித்தியாசத்தில் கிடைத்தது. விற்பனைக்கு வைத்த குதிரைகளின் பந்தயம்தான், எதிராளிகள் சாதாரணம்தான். அந்த நாளில்தான் பயிற்சியாளர் எரிக் ரீட் அதை 30,000 டாலருக்கு எடுத்தார். அதை ஜெயிக்கும் குதிரை என்று சொல்ல இவ்வளவும் போதாது. 80க்கு 1 என்று தூக்கி எறியக் கூடாது என்று சொல்லப் போதும்.

இரண்டாவது மறுப்பு கொஞ்சம் கனமானது. புள்ளி முறை வந்த 2013 முதல் 2018 வரை டெர்பி வென்ற ஆறு குதிரைகளும், ஆர்ப், கலிஃபோர்னியா குரோம், அமெரிக்கன் ஃபேரோ, நைக்விஸ்ட், ஆல்வேஸ் டிரீமிங், ஜஸ்டிஃபை, தங்கள் கடைசி முன்னோட்டத்தை ஜெயித்துவிட்டு வந்தவை. ஆறும் அன்றைய ஃபேவரிட்டும்கூட. அப்படியிருக்க முதலிடத்துக்கு மதிப்பில்லை என்பது எப்படி? மதிப்பில்லை என்று நான் சொல்லவில்லை. 2022இலேயே லூசியானா டெர்பி வென்ற எபிசென்டர் இரண்டாவதும், ப்ளூ கிராஸ் வென்ற ஸான்டன் மூன்றாவதும் வந்தன. ஆனால் அந்த ஆறு ஆண்டுகளுக்கு ஒரு சூழல் உண்டு. முன்பு குறுந்தூரப் பந்தயங்களில் சேர்த்த பரிசுப் பணத்தை வைத்தே டெர்பிக்குள் நுழைய முடிந்தது. புள்ளி முறை அந்தக் குதிரைகளை வெளியே நிறுத்தியதும் தொடக்க வேகம் தணிந்தது. முன்வரிசையில் ஓடும் நல்ல குதிரைக்கு வழி திறந்தது. மூன்றே ஓட்டங்களோடு வந்த ஜஸ்டிஃபை ஜெயித்ததும் அப்படித்தான். முன்னால் இருப்பவனுக்கு நெரிசல் இல்லை. பிறகு காற்று மாறியது. 2021இல் கோட்டை முதலில் கடந்து பின்னால் தகுதி இழந்த மெடினா ஸ்பிரிட் சான்டா அனிடா டெர்பியில் இரண்டாவது. பட்டத்தைப் பெற்ற மான்டலூன் லூசியானாவில் ஆறாவது. 2023இன் மேஜ் ஃப்ளோரிடா டெர்பியில் இரண்டாவது, 2024இன் மிஸ்டிக் டான் ஆர்கன்சா டெர்பியில் மூன்றாவது, 2025இன் சாவரன்டி ஃப்ளோரிடா டெர்பியில் இரண்டாவது. 2021 முதல் 2025 வரை டெர்பிப் பட்டம் பெற்ற ஒரு குதிரைகூடக் கடைசி முன்னோட்டத்தை ஜெயித்து வரவில்லை.

மேஜ் என் வாதத்துக்கே இடறல் என்று யாராவது சொல்வார்கள். டெர்பி அதற்கு நான்காவது ஓட்டம்தான், அனுபவம் எங்கே? ஓட்டங்களின் எண்ணிக்கையை எண்ணினால் இடறல்தான். ஆனால் ஃபவுன்டன் ஆஃப் யூத் என்ற முன்னோட்டத்தில் மேஜ் மெதுவாகக் கிளம்பி, பின்னாலிருந்தே துரத்தி நான்காவது வந்தது. அடுத்த ஓட்டமான ஃப்ளோரிடா டெர்பியில் முன்னேறி முன்னிலையைப் பிடித்து, கடைசி நொடிகளில்தான் ஃபோர்ட்டேயிடம் இழந்தது. டெர்பியிலும் மெதுவாகத்தான் கிளம்பியது. அதற்கு அது புதிய நிலைமை இல்லை. சாவரன்டி விஷயம் வேறு வகை: மார்ச்சில் ஃபவுன்டன் ஆஃப் யூத் வென்று 50 புள்ளி கையில் இருந்ததால், பயிற்சியாளர் பில் மோட்டுக்கு ஃப்ளோரிடா டெர்பியை ஜெயித்தே தீர வேண்டிய கட்டாயம் இல்லை. வழக்கமான ஜாக்கி காயத்தில் இருக்க, வேறொருவர் ஏறி ஓட்டிய பந்தயம் அது. ஜெயித்த டாப்பன் ஸ்ட்ரீட் காயமாகி டெர்பிக்கே வரவில்லை. பயிற்சியாளருக்கு அது ஒத்திகை. பார்வையாளருக்கு மட்டும்தான் அது இறுதித் தீர்ப்பு.

கடைசியாக ஒன்று. பின்னால் நடந்ததைப் பாருங்கள், ஏப்ரல் 2 முடிவுதான் சரி, டெர்பிதான் கோணல் என்று வாதிட இடமிருக்கிறது. சைபர்நைஃப் அந்த ஜூலையில் ஹாஸ்கலை 1 நிமிடம் 46.24 விநாடியில் மான்மத் தடத்தின் சாதனையோடு ஜெயித்தது. சார்ஜ் இட் ட்வையரை 23 நீளத்தில் எடுத்தது. வைட் அபாரியோ 2023இல் விட்னியையும், சான்டா அனிடாவில் ப்ரீடர்ஸ் கப் கிளாசிக்கையும் வென்றது. கிளாசிக்கும் டெர்பியைப் போல பத்து பர்லாங்தான், ஆகவே தூரம் அதற்குப் பிரச்சினையாக இருந்திருக்க முடியாது. ரிச் ஸ்ட்ரைக் டெர்பிக்குப் பிறகு ஒரு பந்தயம்கூட ஜெயிக்கவில்லை. இதை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். எது சிறந்த குதிரை என்று கேட்டால் ஏப்ரல் 2 சரியான விடையைத்தான் தந்தது. ஆனால் ப்ரீடர்ஸ் கப்பில் 14 குதிரைகளுக்கு மேல் இறங்க முடியாது, டெர்பியில் 20 இறங்கும். கிளாசிக்கில் ஓடிய வைட் அபாரியோவுக்கு வயது நான்கு. மூன்று வயதில், வாழ்க்கையில் முதல்முறை பத்து பர்லாங்கும் 19 எதிராளிகளும் ஒரே நாளில் வந்து சேர்ந்தபோது அது 16ஆவதாகத்தான் வந்தது. அதனால் அடுத்த ஏப்ரலில் இப்படியொரு சனிக்கிழமை முடிந்ததும் முதலிடங்களைக் குறித்துக்கொள்ளலாம், கோடைக்கால ஹாஸ்கலுக்கும் ட்வையருக்கும் உதவும். மே மாதத்துக்கு, பின்னால் வந்தவற்றின் ஓட்டத்தை இன்னொரு முறை ஓடவிட்டுப் பார்ப்பதற்கு அரை மணி நேரம் ஒதுக்க வேண்டும்.