நினைவை அழித்துவிட்டுப் போகும் காதலன்

யசுதகா சுட்சுயியின் ‘டோக்கி ஓ ககேரு ஷோஜோ’, அதாவது ‘காலத்தைத் தாண்டும் பெண்’ என்ற நாவல், 1965இல் ஜப்பானிய மாணவர் இதழில் தொடராகத் தொடங்கி 1967இல் நூலானது. தொலைக்காட்சித் தொடராகவும் திரைப்படங்களாகவும் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கிறது. எல்லோர் மனத்திலும் இது காதல் கதையாகவே பதிந்திருக்கிறது. காதல் கதையாக இது தேறுகிறதா?

முதல் பாதியில் குறை சொல்ல அதிகமில்லை. பள்ளி ஆய்வகத்தைச் சுத்தம் செய்யப் போகும் மாணவி கசுகோ, லாவண்டர் மணத்தை நுகர்ந்து மயங்கி விழுகிறாள். சில நாள் கழித்து இரவில் நிலநடுக்கம்; நண்பன் கோரோவின் வீட்டருகே தீ. மறுநாள் காலை பள்ளிக்கு ஓடும்போது லாரி மோத வருகிறது. கண் விழித்தால் தன் படுக்கையில், ஒரு நாள் முன்னால் கிடக்கிறாள். சுட்சுயி இந்த ஆற்றலை அவளுக்குப் பரிசாகத் தரவில்லை. நோய் வந்தவள் போல அவள் பயப்படுகிறாள். மற்றவர்களைப் போல இருந்தால் போதும் என்கிறாள். முடிந்துபோன பாடம் மறுபடி நடக்கும் வகுப்பில், தனக்கு மட்டும் தெரிந்ததை யாரிடமும் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருக்கும் அந்தத் தனிமை, பதினைந்து வயதின் தனிமையேதான். சாகசமாக நீட்டியிருக்கக்கூடிய இடத்தில் ஆசிரியர் காட்டும் அடக்கம் பெரிது.

சிக்கல், வகுப்புத் தோழன் ஃபுகமாச்சி உண்மையைச் சொல்லும்போது தொடங்குகிறது. அவன் 2660ஆம் ஆண்டிலிருந்து வந்தவன். திரும்பிச் செல்வதற்கான மருந்தை, கசுகோ நுகர்ந்த அந்த லாவண்டர் மணம் கொண்ட மருந்தை, ஆய்வகத்தில் தயாரித்துக்கொண்டிருந்தான். எதிர்காலத்தைப் பற்றி அவன் அடுக்கும் விளக்கங்கள் பாடப்புத்தக வறட்சியோடு பக்கங்களை அடைக்கின்றன. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அவன் கசுகோவுக்கு நெடுநாள் நண்பனே அல்ல. ஒன்றாக வளர்ந்ததாக அவளும் ஊராரும் நம்பும் நினைவுகள் அவன் புகுத்தியவை. அப்படிப்பட்டவன் அவளை விரும்புவதாகச் சொல்கிறான். பிறகு, தன் காலத்தின் சட்டத்தைக் காட்டி, தன்னைப் பற்றிய நினைவையும் அழிக்கப் போவதாகச் சொல்கிறான். விட்டுவிடும்படி அவள் கெஞ்சுகிறாள். அவன் இணங்கவில்லை.

சட்டம் அவனையும் கட்டுகிறது, அவனும் இழக்கிறான் என்று வாதிடலாம். அந்த வாதத்தை ஏற்கிறேன். ஆனாலும் இருவரின் இழப்பும் ஒன்றல்ல. அவன் நினைவோடு போகிறான். அவள் வெறுமையோடு நிற்கிறாள். மறுபடி வந்தாலும் வேறொருவனாகத்தான் வருவானாம். அவளுக்கு அடையாளம் தெரியாதாம். இதை நாவல் சோகமாகப் பார்க்கிறது, அநீதியாகப் பார்க்கவில்லை. ஒரு பெண்ணின் மனத்துக்குள் இருமுறை கைவைத்தவனை ஒரு வரியில்கூட விசாரிக்காமல் விடுவதுதான் இந்நூலின் பெருங்குறை.

மமோரு ஹோசோடா 2006இல் எடுத்த அனிமேஷன் படம் இந்த இடத்தைத்தான் திருத்துகிறது. அதன் நாயகி மகோட்டோ, கசுகோவின் சகோதரி மகள். காலத் தாவல்களைக் கரோக்கேவுக்கும் சின்னச் சின்ன ஆசைகளுக்கும் செலவழித்து, அதன் விலையைப் பிறர் கொடுப்பதைக் கண்டு, கடைசித் தாவலைத் தானே தேர்ந்து பயன்படுத்துகிறாள். அவளுடைய நினைவை யாரும் பறிப்பதில்லை. நடுவயதில் ஓவியங்களைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும் கசுகோவையும் ஹோசோடா உடன் வைத்திருக்கிறார். மூலநூல் அவளுக்குத் தராத மதிப்பு அது.

ஆகவே என் தீர்ப்பு: காதல் நாவலாக இது தேறவில்லை, ஒருவரின் விருப்பம் மட்டுமே இங்கே முழுமையாகப் பேசப்படுகிறது. மறதியைப் பற்றிய நாவலாக மிக உயர்ந்தது. லாவண்டர் மணம் வரும்போதெல்லாம் யாரோ வரப்போவதாகக் கசுகோவுக்குத் தோன்றுவது, அழித்தவனால் எட்ட முடியாத ஓரிடம் அவளுக்குள் மிஞ்சியிருப்பதற்குச் சான்று. பதின்வயதினருக்குத் தயங்காமல் கொடுப்பேன். படித்து முடித்ததும், அவன் செய்தது சரியா என்று அவர்களிடம் கேட்பேன். நாவல் கேட்காத கேள்வி அது.