எண்ணெய் பிரியாத குழம்பு

ஓப்போர் ஆயாம் பார்வைக்கு ஏமாற்றும். ஜாவாவில் லெபாரான் எனப்படும் நோன்புப் பெருநாளில் வீட்டுக்கு வீடு கொதிக்கும் கோழிக் குழம்பு இது. ஆனால் கிண்ணத்தில் மிளகாய்ச் சிவப்பு ஒரு கீற்றும் இல்லாமல், பால் நிறத்தில், பத்தியச் சாப்பாடு போலக் கிடக்கும். வாயில் வைத்த பிறகுதான் அந்த வெண்மைக்குள் எவ்வளவு வேலை நடந்திருக்கிறது என்று புரியும்.

வேலை அம்மியில் தொடங்குகிறது. அங்கே சோபெக் என்ற ஆழமில்லாத கல்தட்டும், கைப்பிடி வளைந்த உலெக்கானும். இடிப்பதில்லை, இழுத்து அரைப்பார்கள். உப்பு, மல்லி விதை, வெள்ளை மிளகு என உலர்ந்தவை முதலில். பூண்டும் சின்ன வெங்காயமும் கடைசியில். ஈரம் முன்னால் வந்துவிட்டால் மல்லி வழுக்கிக்கொண்டே இருக்கும், நைசாகாது. சுவையை நடத்துவது மல்லிதான். சீரகம் பேருக்கு ஒரு சிட்டிகை.

கெமிரி என்ற கொட்டையைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். விளக்கெரிக்கும் அளவுக்கு எண்ணெய்ச் சத்துள்ளது. பச்சையாகத் தின்னக் கூடாது, வயிற்றைப் புரட்டும். லேசாக வறுத்து, ஒரு கோழிக்கு ஐந்தாறு அரைத்தால் போதும், குழம்புக்கு ஒரு வழவழப்பு வந்துவிடும். கிடைக்காதவர்கள் முந்திரி அரைத்து ஊற்றுவதுண்டு. முந்திரி தன் இனிப்போடு முன்னால் வந்து நிற்கும். கெமிரி கொழுப்பைக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்ளும்.

விழுதைச் சிறுதீயில் வதக்கும்போது பச்சை வாசனை போக வேண்டும், நிறம் மாறக் கூடாது. பொன்னிறம் என்பது இங்கே தவறு. அதே எண்ணெயில் தட்டிய எலுமிச்சைப் புல், நடுநரம்பு கிள்ளிய ஜெருக் புருட் என்ற எலுமிச்சை வகையின் இலை, சலாம் இலை, பேரரத்தைத் துண்டு. நமக்கு நாட்டு மருந்துக் கடையில் காய்ந்து கிடைக்கும் பேரரத்தை, ஜாவாவில் பச்சையாகக் காய்கறியோடு விற்கிறது. சலாம் நம் நாவலின் நெருங்கிய இனம். பச்சையில் பெரிதாக மணக்காது, கொதியில்தான் மெல்ல இறங்கும். அதற்குப் பதிலாகப் பிரிஞ்சி இலை போடலாம் என்பார்கள். ஒன்றும் போடாமல் விடுவது மேல்.

கோழித் துண்டுகள் விழுதில் புரண்டு தசை வெளுத்து இறுகியதும் தேங்காயின் இரண்டாம் பாலில் வேக வேண்டும். நாட்டுக்கோழி என்றால் பொறுமை தேவை. கறி வெந்த பிறகே முதல் பால். உண்மையான கைத்திறன் இந்த இடத்தில்தான். நம் சமையலில் எண்ணெய் பிரிந்து மேலே வந்தால் குழம்பு பதமாகிவிட்டது என்று இறக்குவோம். மேற்குச் சுமத்திராவின் ரெண்டாங்கும் தேங்காய்ப் பாலைத் திரியவிட்டு, வற்றவிட்டு, அந்த எண்ணெயிலேயே கறியைக் கறுக்க வைப்பது. ஓப்போரில் பால் திரிந்தால் கெட்டுப்போனதாகக் கணக்கு. தேங்காய்ப் பாலில் கொழுப்புத் துளிகளைப் புரதம் போர்த்தி வைத்திருக்கிறது. தளதளவென்று கொதித்தால் அந்தப் போர்வை சுருங்கி, துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். அதனால் அடுப்பைத் தணித்து, அகப்பையில் மொண்டு மொண்டு மேலிருந்து ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். ஓரத்தில் சின்னக் குமிழ்கள் எழலாம், நடுவில் எழக் கூடாது.

மஞ்சள் சேர்த்த ஓப்போரும் பரவலாக உண்டு, அதற்கும் பெரிய கூட்டம் இருக்கிறது. கண்ணுக்கு அழகுதான். ஆனால் மஞ்சளின் மண்வாசம் மல்லியின் மேல் படிந்துவிடுகிறது என்பது என் கட்சி. யோக்யகர்த்தாவில் பலாக்காயை மணிக்கணக்கில் வேக வைக்கும் கூடெக்கோடு பரிமாறுவது பெரும்பாலும் வெள்ளை ஓப்போர்; கூடெக்கின் பனைவெல்லத் தித்திப்புக்கு அதுதான் ஈடுகொடுக்கும்.

பெருநாளில் துணை கெத்துபாட். இளந்தென்னை ஓலையில் பின்னிய கூட்டுக்குள் அரிசியை அடைத்து நான்கைந்து மணி நேரம் வேக வைத்தது. வில்லைகளாக நறுக்கிக் குழம்பை ஊற்றி, பொரித்த வெங்காயம் தூவி, பக்கத்தில் மிளகாய் போட்ட ஈரல் வறுவல். காரம் வேண்டுபவர் அதில் தொட்டுக்கொள்ளலாம், குழம்பைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. அவித்த முட்டைகளையும் குழம்பிலேயே போடும் வீடுகள் உண்டு. மறுநாள் சூடாக்கும்போது அந்த முட்டைக்குத்தான் போட்டி.