சாக்கெட்டில் அமரும் சில்லு

கேமிங் கணினிக்கு ப்ராசஸரும் மதர்போர்டும் வாங்கும்போது எனக்கு மிகவும் பிடித்தது, இரண்டுக்கும் பொருத்தம் பார்க்கும் அந்தப் பேச்சு. சென்னை ரிச்சி தெருவில் அனுபவமுள்ள கடைக்காரர் விலை சொல்வதற்கு முன்பே, "என்ன கேம் ஆடுவீங்க தம்பி?" என்று கேட்பார். பாதித் தேர்வு அங்கேயே முடிந்துவிடும். ரைசன் 7 7800எக்ஸ்3டி என்றால் 96 எம்பி எல்3 கேச். ஆட்டத்துக்கு அடிக்கடி வேண்டிய தரவு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அதற்கு ஏஎம்5 சாக்கெட் போர்டு வேண்டும். பி650 வகையே தாராளம். வண்ண விளக்குகளை விட்டுவிட்டு, மின்சாரத்தைச் சீராக்கும் பகுதியின் மேல் கனமான அலுமினிய ஹீட்சிங்க் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பவரின் ரசனைதான் எனக்கு உயர்வாகப் படுகிறது.

பிறகு பொருத்தும் வேலை. உறை சரசரக்க வெளியே வரும் போர்டின் சாக்கெட்டில் 1718 பொன்னிற முனைகள் நாற்றங்கால் போல நெருங்கி, ஒரே பக்கம் சாய்ந்து நிற்கும். சில்லை ஓரங்களில் மட்டும் பிடித்து, மூலையிலுள்ள சின்ன முக்கோணத்தை ஒத்துப் பார்த்து, அப்படியே வைத்துவிட வேண்டும். அழுத்தவே கூடாது, அதன் எடையே போதும். நெம்புகோலை இறக்கும்போதுதான் பலம் தேவை. லேசாக முனகும், சாக்கெட்டைக் காத்துவந்த கறுப்பு மூடி 'டக்'கென்று தெறிக்கும். புதியவர்கள் திடுக்கிடுவார்கள். பழகிய கை மட்டும் நிற்காமல் நெம்புகோலைக் கொக்கியில் மாட்டிவிட்டு, குளிர்விப்பான் பசையைத் தேடும்.