துருவக் கடற்சேற்றின் சாட்சியம்

தென் துருவத்தைச் சூழ்ந்த சமுத்திரத்தில் இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு நீரின் உஷ்ணநிலை இவ்வளவு என்று ஒரு விஞ்ஞானி கூறுகிறார் என்றால், அந்த நீரை அவர் அளந்ததில்லை. அதன் அடியில் படிந்து கிடந்த சேற்றைக் குழாயால் துளைத்து மேலே எடுத்து, அதிலுள்ள நுண்ணுயிர்களின் ஓடுகளையும் மணலையும் கொழுப்புப் பொருள்களையும் பரீட்சித்து, அவற்றைக் கொண்டு உஷ்ணத்தை ஊகித்திருக்கிறார். நம் நியாய சாஸ்திரத்தின் பரிபாஷையில் இது பிரத்தியட்சத்தைச் சேர்ந்ததன்று, அநுமானத்தைச் சேர்ந்தது. மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு உண்டு என்னும் அந்தச் சாஸ்திரத்தின் பழைய உதாரணத்தை, மார்கழி விடியலில் வாசலூர்பட்டியில் நின்று கொல்லிமலைச் சரிவுகளைப் பார்க்கிறவன் அவ்வளவு எளிதில் ஒப்புக்கொள்ளமாட்டான். வெண்மையாக எழுவதெல்லாம் புகையன்று, பெரும்பாலும் மூடுபனி என்பது அவன் நித்தியம் காணும் காட்சி. ஏதுவுக்கும் சாத்தியத்துக்கும் உள்ள தொடர்பு எங்கும் எப்போதும் பிறழாததா, அல்லது இடையில் வேறொரு காரணம் புகுந்து ஏமாற்றுகிறதா என்று நம் தார்க்கிகர் கேட்ட கேள்வியையே இந்தக் கடற்சேற்று வித்தையிடமும் கேட்க வேண்டியிருக்கிறது.

அதன் பெருமையை முதலில் கூறிவிடுவது நியாயம். ஹேஸ், இம்ப்ரி, ஷாக்கில்டன் என்னும் மூவர் 1976இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரைக்கு ஆதாரமாக நின்றவை, நம் இந்து மகாசமுத்திரத்தின் தென்பகுதியில், 43, 46 பாகைத் தென் அட்சரேகைகளை அடுத்து எடுத்த இரண்டே சேற்றுத் தூண்கள். ஒன்று விட்ட இடத்தை மற்றொன்று நிரப்ப, இரண்டுமாகச் சேர்ந்து 450,000 ஆண்டுச் சரித்திரத்தை உரைத்தன. ஓடுகளிலுள்ள பிராணவாயுவின் விகிதம், ரேடியோலேரியா என்னும் நுண்ணுயிர்க் கூட்டத்தைக் கொண்டு கணித்த கோடைக்கால உஷ்ணநிலை, அக்கூட்டத்துள் ஒரே ஓர் இனத்தின் பெருக்கம் ஆகிய மூன்று வெவ்வேறு சாட்சிகளை விசாரித்ததில், ஏறத்தாழ 100,000, 42,000, 23,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பி வரும் அலைவுகள் தென்பட்டன. பூமியின் பாதையும் அச்சின் சாய்வும் மாறுவதால் பனியுகங்கள் நேர்கின்றன என்று மிலன்கோவிச் என்பவர் முன்பே காகிதத்தில் கணக்கிட்டிருந்ததற்குச் சேறு சாட்சி சொல்லிற்று. அவர்களிடம் நான் மிகவும் மதிப்பது இம்முடிவையன்று, முடிவுக்கு வந்த ஒழுங்கை. தூண்களின் காலக்கணக்கை வானசாஸ்திரக் கணக்கோடு பொருத்தாமலேயே முதலில் அலைவுகளைத் தேடி, அவை உண்டென்று கண்ட பிறகே பொருத்திச் செம்மை செய்தார்கள். பின்வந்தோரில் சிலர் இவ்வரிசையைப் புரட்டி, முதலில் சேற்றின் காலத்தைச் சூரிய ஒளியின் கணக்கோடு இழுத்துக் கட்டிவிட்டுப் பிறகு அதே சேற்றில் அதே கணக்கைக் கண்டெடுத்து வியக்கிறார்கள். சாதிக்க வேண்டியதையே ஏதுவாக வைக்கும் அந்தக் குற்றத்தைத் தர்க்கம் மன்னிப்பதில்லை.

இனி, சாட்சிகளைத் தனித்தனியே பார்ப்போம். ஃபொராமினிஃபெரா என்னும் நுண்ணுயிர் தன் சுண்ணாம்பு ஓட்டைக் கட்டும்போது, நீர் குளிர்ந்திருந்தால் கனமான பிராணவாயு மிகுதியாகச் சேர்கிறது. இது உறுதியான இயற்கை விதி. ஆனால் நிலத்தின்மீது பனி பெருகினாலும், இலேசான பிராணவாயு அப்பனியில் முடங்கிப்போவதால், கடலில் கனமானது மிகுகிறது. ஆகவே ஒரே எண் இரண்டு காரணங்களுக்குப் பொதுவாகிறது. துருவக் கடலிலோ மூன்றாவதொரு வஞ்சனையும் உண்டு. பனி உருகிய நீர் இலேசான பிராணவாயுவைக் கொண்டு வந்து மேற்பரப்பில் பரப்பும்போது, நீர் உறைநிலையை ஒட்டிக் குளிர்ந்திருந்தாலும் ஓடுகள் வெப்பம் மிகுந்துவிட்டதாகச் சொல்லிவிடும். ஓட்டிலுள்ள மக்னீசியத்தை அளந்தால் இச்சிக்கல் தீரும் என்றனர். வெப்பக் கடல்களில் பெரிதும் தீர்ந்தது. மிகக் குளிர்ந்த நீரிலோ உஷ்ணம் ஒரு பாகை மாறினாலும் மக்னீசியம் மாறுவது சிறிது. அந்தச் சிறிதையும் நீரின் கார்பனேட் நிலை குலைத்துவிடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, தென் துருவத்தைச் சுற்றிய ஆழ்கடலின் பெரும்பகுதியில் சுண்ணாம்பு ஓடு கரைந்து போய், டயாட்டம் எனப்படும் கண்ணாடிக் கூட்டுப் பாசிகளின் சேறே எஞ்சுகிறது. எந்த இடத்தின் சரித்திரத்தை அறிய மிகவும் விரும்புகிறோமோ, அந்த இடத்தில் நன்கு பழகிய சாட்சி ஆஜராவதில்லை.

டயாட்டங்களைக் கொண்டு கடற்பனியின் எல்லையை வகுப்பது அழகான முறையே. ஓர் இனம் பனியை ஒட்டி வாழும், மற்றோர் இனம் திறந்த கடலில் வாழும். சேற்றில் எது மிகுதி என்று எண்ணினால் பனி எதுவரை வந்தது என்று தெரிந்துவிடும். ஆயினும் மெல்லிய கூடுகள் அடிக்குச் செல்லும் வழியிலேயே கரைய, ஃப்ராகிலாரியோப்சிஸ் கெர்குலென்சிஸ் போன்ற தடித்த கூடுகளே தப்பிப் பிழைக்கின்றன. சேற்றில் மிகுந்திருப்பது நீரிலும் மிகுந்திருந்தது என்று கொள்வதற்கில்லை. க்ளைமேப் என்னும் பெருந்திட்டத்தார் 1981இல் வெளியிட்ட பனியுகப் படத்தில் தென்சமுத்திரத்தின் கோடைக்காலப் பனியை மிக அகலமாகத் தீட்டியிருந்தார்கள். டயாட்டங்களையும் ரேடியோலேரியாக்களையும் ஆராய்ந்து 2005இல் கெர்சோண்டே குழுவினர் தொகுத்தபோது, மாரிக்காலப் பனியின் எல்லை ஏறக்குறைய நிலைபெற்றது, கோடைக்காலப் பனியோ பெரும்பாலான இடங்களில் அவ்வளவு அகலமில்லை என்று தெரிந்தது. இதை அம்முறையின் தோல்வியாக நான் கருதவில்லை. தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் வித்தை மரியாதைக்குரியது. ஆனால் இடைப்பட்ட கால் நூற்றாண்டில் அந்தப் படத்தை ஐயமின்றி எடுத்தாண்டவர்கள் எத்தனை பேர் என்பதையும் நினைக்க வேண்டும்.

காரணம் தவறாயிருந்தும் காரியம் பலித்த வேடிக்கையும் உண்டு. நியோகுளோபோகுவாட்ரினா பாக்கிடெர்மா என்னும் உயிரின் ஓடு குளிர்நீரில் இடப்புறமாகச் சுருளும், சற்று வெதுவெதுப்பான நீரில் வலப்புறமாகச் சுருளும் என்று நெடுங்காலம் நம்பி, சுருளை எண்ணி உஷ்ணம் கணித்தார்கள். இடச்சுருளும் வலச்சுருளும் வெவ்வேறு இனங்கள் என்று பின்னர் மரபணுச் சோதனை காட்டிவிட்டது. கணக்கு பெரிதும் கெடவில்லை, ஏனெனில் அவ்விரண்டு இனங்களும் வெவ்வேறு குளிர்நிலைகளை விரும்புவன.

இவ்வளவையும் பொறுத்துக்கொள்ளலாம்; எனக்குப் பெரிய குறையாகத் தோன்றுவது காலக்கணக்கு. கதிரியக்கக் கார்பன் சுமார் 50,000 ஆண்டுகளுக்கு அப்பால் எட்டாது. எட்டும் காலத்திலும், வளிமண்டலத்தை நெடுங்காலம் காணாத பழைய ஆழ்நீர் தென் துருவத்தருகே மேலே எழுவதால், நேற்று இறந்த கடலுயிரும் ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட வயதுடையதுபோலக் காட்சி தருகிறது. இத்தோஷத்தைக் கழிக்கும்போது, அன்றைக்கும் நீரோட்டம் இன்றுபோலவே இருந்தது என்று கொள்ளுகிறார்கள். அந்த நீரோட்டம் மாறியதா என்பதே பல வேளைகளில் ஆராய்ச்சியின் கேள்வி.

வட துருவத்தில் 2004இல் நடந்த துளைப்பைவிடச் சிறந்த உதாரணம் காலக்கணக்கின் இந்தக் குறைக்கு இல்லை. இரண்டு பனியுடைப்புக் கப்பல்கள் காவல் நிற்க, துருவத்திலிருந்து சுமார் 250 கிலோமீட்டரில், லொமொனோசொவ் என்னும் கடலடி மலைத்தொடரின்மீது ஒரு கப்பல் 400 மீட்டருக்கு மேல் துளைத்துச் சேற்றை எடுத்தது. 5.5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அக்கடலின் மேற்பரப்பு 18 பாகையிலிருந்து 23 பாகைக்கு மேல் காய்ந்தது என்றும், 4.9 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அங்கே அசோலா மண்டியிருந்தது என்றும் முடிவு கூறினார்கள். நாமக்கல் சீமையில் மாட்டுத் தீவனத்துக்காகத் தொட்டிகளில் வளர்க்கிறார்களே, அந்த நீர்ப்பெரணிக் குலமே அது. நன்னீர்ச் செடி துருவத்தில் வளர்ந்ததென்பதை எந்தக் கணிதமும் இல்லாமலே விளங்கிக்கொள்ளலாம். இத்தகைய சாட்சியை நான் பாகைக் கணக்குகளைவிட நம்புகிறேன். ஆனால் அதே தூணில் 4.44 கோடி ஆண்டு முதல் 1.82 கோடி ஆண்டு வரை படிவே இல்லை என்று முதலில் வகுத்ததை, 2011இல் ஆஸ்மியம் ஐசோடோப்பைக் கொண்டு ஆராய்ந்த வேறு இருவர் மறுத்து, அவ்வளவு பெரிய இடைவெளி இல்லை என்றார்கள். சேறு ஒன்றே, சரித்திரம் இரண்டாயிற்று. வடகடல் எப்போது பனி மூடியது என்னும் கேள்வியின் விடை இந்த வழக்கின் தீர்ப்பைப் பொறுத்தது.

நம் தேசத்தின் பங்குக்கு வருவோம். கோவாவில் 1998இல் தோன்றி, இன்று தேசிய துருவ, சமுத்திர ஆராய்ச்சி மையம் எனப்படும் நிறுவனம், 2004இல் சாகர் கன்யா கப்பலில் தென்சமுத்திரத்துக்கு முதற் பயணம் அனுப்பியது. அப்பயணத்தில் எடுத்த தூண்களில் மிதபனி சுமந்துவந்து உதிர்த்த மணலையும் எண்ணி ஆராய்ந்தார்கள். கொல்லிமலையின் உடலாகிய சார்னோகைட் பாறை தென் துருவக் கண்டத்தின் மாசன் கரையிலும் உண்டு. அத்தகைய கல்லொன்று ஆழ்கடற் சேற்றில் தனியே கிடந்தால், பனிமலை கொண்டுவந்து போட்டது என்று அறிவது சுலபம். ஏன் கொண்டுவந்தது என்பதுதான் கடினம். குளிர் மிகுந்து பனி பெருகிக் கடலுக்குள் தள்ளினாலும் கல் வரும். வெப்பம் மிகுந்து பனிமேடை உடைந்தாலும் வரும். 2012இல் நிறுவிய பாரதி நிலையம் நிற்கும் ப்ரிட்ஸ் விரிகுடாவின் அடியைப் பிறநாட்டார் 1988இலும் 2000இலும் துளைத்துப் பார்த்து, பனி மூடுவதற்கு முந்திய காலத்துத் தாவர மகரந்தத்தையும் கண்டார்கள். நம் கப்பல்கள் எடுப்பவை அவற்றை நோக்கக் குறுகிய தூண்களே. அதில் வெட்கமில்லை, ஏனெனில் கடைசிச் சில பனியுகங்களின் சரித்திரத்துக்கு அவை போதும்.

துளைக்கும் வேலையை நெடுங்காலம் செய்துவந்த ஜாய்டிஸ் ரெசொல்யூஷன் கப்பலின் ஆராய்ச்சிப் பயணங்கள் 2024இல் முடிவுற்றன. புதிய ஆழ்சேறு இனி அருமையாகவே கிடைக்கும். சேற்றுத் தூணை நெடுக்காகப் பிளந்து, ஒரு பாதியை ஆராய்ந்து மறுபாதியைத் தொடாமல் குளிரறையில் காக்கும் வழக்கத்தை நம் நிலையங்களும் சிக்கனம் கருதி ஒருபோதும் கைவிடலாகாது. கட்டுரை எழுதுவோர், உஷ்ணநிலையின் வளைகோட்டை மட்டும் அச்சிட்டு நில்லாமல், எந்த ஆழத்துக்கு எந்த வயது கொடுத்தார்கள், எதைக் கழித்தார்கள் என்னும் மூலக்கணக்கையும் அதனுடன் வெளியிட வேண்டும். நாளை வேறொருவர் வேறொரு சாட்சியை அழைத்து அதே சேற்றை மறுவிசாரணை செய்வதற்கு அது ஒன்றே வழி.