காலுறை மாட்டிவிடும் கை

நாவலிலிருந்து ஒரு கருத்தை எடுத்து விளக்கும் கட்டுரைகளில் பெரும்பாலானவை படிக்கச் சலிப்பூட்டுபவை. பாதி கதைச் சுருக்கமாக இருக்கும். மீதிப் பாதியில் கட்டுரையாளர் நாவலைத் திறப்பதற்கு முன்பே நம்பிக்கொண்டிருந்த கொள்கை இருக்கும். நூல் அறிமுகக் கூட்டங்களுக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் இந்த வடிவம் சரியான கையில் சிக்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. நிகலாய் தோப்ரலூபவ் 1859இல் எழுதிய ‘ஒப்லோமவ்தனம் என்றால் என்ன?’ என்ற கட்டுரைதான் அது. அதை அரசியல் விமர்சனம் என்று முத்திரை குத்தி அலமாரியில் ஏற்றிவிடுவோர் உண்டு. எனக்கு அது முதலில் ஒரு நல்ல கைவேலை. தையல் எங்கே போட்டிருக்கிறது, எங்கே பிரிந்திருக்கிறது என்று புரட்டிப் புரட்டிப் பார்க்கத் தோன்றும்.

முதலில் நாவல். இவான் கோன்சரோவின் ‘ஒப்லோமவ்’ நாயகன் இலியா இலியிச், முப்பதைத் தாண்டிய பண்ணையார். பீட்டர்ஸ்பர்க்கில் வாடகை வீட்டில் இருக்கிறார். உடம்பை இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்ளும் அளவுக்குத் தொளதொளத்த பாரசீகத் துணி அங்கி அவருடையது. கட்டிலிலிருந்து காலைத் தொங்கவிட்டால், குனிந்து பார்க்காமலே பாதம் செருப்புக்குள் போய் நுழைந்துவிடும். ஊரில் விளைச்சல் சரியில்லை என்று கடிதம் வந்திருக்கிறது, குடியிருக்கும் வீட்டைக் காலிசெய்யச் சொல்கிறார்கள். இரண்டுக்கும் ஏதாவது செய்தாக வேண்டும். வீட்டுக்காரருக்கு ஒரு கடிதம் எழுதத் தொடங்குகிறார். ஒரே இணைப்புச் சொல் ஒரு வாக்கியத்தில் இரண்டு முறை வந்துவிடுகிறது. மாற்றிப் பார்க்கிறார், வேறு இடத்தில் இடிக்கிறது. கடைசியில் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி சாய்ந்துகொள்கிறார். முதல் பாகம் பெரும்பாலும் இப்படியே போகிறது. பிறகு சுறுசுறுப்பான நண்பன் ஷ்டோல்ஸ் வந்து உலுக்குகிறான், ஓல்கா காதலிக்கிறாள், இரண்டும் பலிக்கவில்லை. நகரத்தின் ஓரத்தில், நன்றாகச் சமைக்கத் தெரிந்த விதவை அகாஃபியாவின் வீட்டில் ஒதுங்கி, அங்கேயே இறந்தும் போகிறார்.

இதை எழுதியவர் சோம்பேறியாக இருந்திருப்பார் என்று யாரும் நினைக்க வேண்டாம். ‘ஒப்லோமவின் கனவு’ என்ற பகுதி மட்டும் 1849இல் வெளிவந்தது. அதற்குப் பிறகு கோன்சரோவ் 1852இல் ‘பல்லாதா’ என்ற போர்க்கப்பலில் ஏறி, தென்னாப்பிரிக்க முனை, சிங்கப்பூர் வழியாக ஜப்பான் வரை போய்வந்தார். நாவலின் பெரும்பகுதியை 1857 கோடையில் மரியன்பாட் ஊற்றுநகரில் சில வாரங்களில் ஒரே மூச்சாக எழுதினார். 1859 ஜனவரி முதல் ஏப்ரல் வரை அது பத்திரிகையில் தொடராக வந்தது. தோப்ரலூபவின் கட்டுரை அடுத்த மாதமே ‘சோவ்ரெமென்னிக்’ இதழில் வந்துவிட்டது. அப்போது அவருக்கு வயது 23.

அந்த வயதில் வரும் அவசரம் கட்டுரையின் தொடக்கத்தில் இல்லை. அதுதான் முதல் ஆச்சரியம். கருத்தை நோக்கி ஓடாமல், கோன்சரோவ் எப்படிப் பார்க்கிறார் என்பதில் நிதானமாக நேரம் செலவழிக்கிறார் தோப்ரலூபவ். இந்த நாவலாசிரியர் தீர்ப்புச் சொல்வதில்லை, கண்ணில் பட்டதை முழு உருவமாக வார்த்துக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார், அதற்கு என்ன பொருள் என்பது வாசகர் பாடு என்கிறார். பாராட்டுப்போல் இருக்கும் இந்தப் பகுதி உண்மையில் ஓர் உரிமப் பத்திரம். நாவலாசிரியர் சொல்லாமல் விட்டதைச் சொல்லும் உரிமையை விமர்சகர் இங்கே முறைப்படி எழுதி வாங்கிக்கொள்கிறார்.

பெயரையும் அவர் வெளியிலிருந்து கொண்டுவரவில்லை. ‘ஒப்லோமவ்தனம்’ என்று நாவலுக்குள்ளேயே ஷ்டோல்ஸ் சொல்கிறான். பிரியும் நேரத்தில், உன்னைக் கெடுத்தது எது, அந்தக் கேட்டுக்குப் பெயரே இல்லையா என்று ஓல்கா கேட்கும்போது ஒப்லோமவே அந்தச் சொல்லை முணுமுணுக்கிறார். பூட்டுக்குப் பக்கத்திலேயே சாவியும் தொங்குகிறது. இரவல் சொல்லைக் கொண்டு நாவலை நெம்பித் திறப்பவர்களுக்கும் இவருக்கும் உள்ள வித்தியாசம் இங்கேயே தெரிந்துவிடுகிறது.

இனிதான் முக்கியமான இடம். ஒப்லோமவ் ஏன் சோம்பேறி? குணம், பிறவி, ரஷ்யக் குளிர், தின்ற சோறு என்று எதை வேண்டுமானாலும் சொல்லலாம். தோப்ரலூபவ் கேள்வியையே மாற்றிப் போடுகிறார். ‘கனவு’ப் பகுதியில் வரும் ஒரு காட்சியைப் பிடித்துக்கொள்கிறார். இலியாவுக்குப் பதினான்கு வயது. காலையில் வேலைக்காரன் ஸகார் வந்து காலுறை மாட்டிவிடுகிறான், காலணி போட்டுவிடுகிறான். பையன் படுத்தபடியே ஒரு காலை நீட்டுகிறான், பிறகு மறு காலை. ஏதாவது பிடிக்கவில்லையென்றால் ஸகாரின் மூக்கில் ஓர் உதை. இதே இலியா, வளர்ந்து கட்டிலில் கிடக்கும்போது ஒருநாள் ஸகாரிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார், பிறந்ததிலிருந்து ஒருமுறைகூடத் தன் கையால் காலுறை மாட்டியதில்லை என்று. பையனின் கால், பண்ணையாரின் பெருமை. முன்னூறு பக்கத்துக்கு மேல் பரந்த கதையில் இந்த இரண்டு இடங்களையும் அருகருகே வைத்துவிட்டால் விளக்கம் பாதி முடிந்துவிட்டது.

பனி உருண்டைகளை எறிந்து விளையாட வேண்டும் என்று அந்தப் பையனுக்கும் ஆசை இருந்தது. உடம்பில் தெம்பும் இருந்தது. ஆனால் எதை எடுக்க நினைத்தாலும் ஒரு வாஸ்கா, ஒரு வான்கா ஓடிவந்து எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். விரும்புவதற்கும் செய்வதற்கும் நடுவில் எப்போதும் இன்னொருவர் கை. அந்தக் கை இருக்கும்வரை விருப்பம் செயலாக முதிர வேண்டிய அவசியமே இல்லை. சோம்பல் ஒரு மனிதரின் குணமாக இருந்தது போய், ஓர் ஏற்பாட்டின் விளைவாக மாறிவிடுகிறது. ஒப்லோமவிடம் ஒரு ஸகார் மட்டுமில்லை, ஊரில் இன்னும் முன்னூறு ஸகார்கள் இருக்கிறார்கள் என்று கோன்சரோவின் சொற்களையே தோப்ரலூபவ் எடுத்துக் காட்டுகிறார். அந்த ஸகார்கள் ஒப்லோமவின் பண்ணையடிமைகள். பண்ணையடிமை முறை ஒழிவதற்கு இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன. அதைத் தாக்கி நேரடியாக எழுதினால் தணிக்கையில் போய்விடும். பன்மையாகிவிட்ட வேலைக்காரனின் பெயரைச் சுட்டிக்காட்டியதோடு தோப்ரலூபவ் நிறுத்திக்கொண்டார். படித்தவர்களுக்குப் புரிந்தது. (கோன்சரோவே அப்போது தணிக்கை அதிகாரியாக வேலை பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை நினைத்து நான் சிரித்ததுண்டு.)

அதற்கு அடுத்த திருப்பம் இன்னும் நுட்பமானது. இவ்வளவு அதிகாரம் உள்ள ஒப்லோமவ் ஸகாருக்கு அடிமை என்கிறார். ஸகார் நினைத்தால்தான் சட்டை வரும், சாப்பாடு வரும். யார் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்று சொல்வதே கடினம். கருத்துக் கட்டுரை எழுதுகிறவர் தன் கருத்தை இப்படித் தலைகீழாகத் திருப்பியும் ஒருமுறை நிறுத்திப் பார்க்க வேண்டும். நிற்கிறது என்றால் கருத்தில் கனம் இருக்கிறது.

கட்டுரையின் பின்பகுதியில் ஒரு நீண்ட உருவகம் வருகிறது. அதற்காகவே நான் திரும்பத் திரும்ப அங்கே போவதுண்டு. ஒரு கூட்டம் இருண்ட காட்டில் வழி தெரியாமல் போகிறது. முன்னால் நடந்த சிலர், பாதை தெரிகிறதா பார்க்கிறோம் என்று மரத்தில் ஏறுகிறார்கள். பாதை தெரியவில்லை. ஆனால் மேலே பழம் இருக்கிறது, காற்று நன்றாக இருக்கிறது. கீழே சகதியில் நிற்பவர்கள், என்ன தெரிகிறது என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்க் கோடரியை எடுத்துத் தாங்களே வழி வெட்டத் தொடங்குகிறார்கள். இப்போது மேலே இருப்பவர்களுக்குப் பதற்றம். வேண்டாம், இந்த மரத்தை வெட்டாதீர்கள் என்று கத்துகிறார்கள், உட்கார்ந்திருப்பது அந்த மரத்தில்தானே. பெரிய கொள்கைகளைப் பேசிக்கொண்டே ஒன்றும் செய்யாத படித்தவர்களைப் பற்றி இதைவிடக் குறும்பாக எழுத முடியுமா தெரியவில்லை. கோபக்காரர் என்று பெயரெடுத்த விமர்சகர் இந்த இடத்தில் கதைசொல்லியாகிவிடுகிறார். மரத்தில் இருப்பவர்கள் தீயவர்களும் இல்லை, பழம் தின்ன வேண்டும் என்று ஏறியவர்களும் இல்லை. அந்த நியாயத்தையும் விட்டுவிடாமல் சொல்லியிருப்பதால்தான் உருவகம் தைக்கிறது.

தையல் பிரிந்த இடத்தையும் சொல்ல வேண்டும். மரத்தில் இருப்பவர்கள் யார் என்று காட்ட, ரஷ்ய இலக்கியத்தின் நாயகர்களை எல்லாம் வரிசையில் நிறுத்துகிறார். புஷ்கினின் ஒனேகின், லெர்மன்தவின் பெச்சோரின், துர்கனேவின் ரூதின், ஹெர்ஸனின் பெல்தோவ். படிக்கும் பழக்கம் எப்படி, வேலையில் மனம் எப்படி, காதலில் துணிவு எப்படி என்று ஒவ்வொரு தலைப்பாக ஒப்பிட்டு, எல்லோருக்கும் உள்ளே அதே அங்கிதான் என்று முடிக்கிறார். ஆட்டம் விறுவிறுப்பாக இருக்கிறது, ஆனால் எனக்கு ஒப்பவில்லை. பெச்சோரின் குதிரையை விரட்டிக்கொண்டு போய் அது களைத்துச் செத்து விழுந்ததும் அழுகிற ஆள். அவனைக் கட்டிலில் கிடத்த நிறையவே இழுக்க வேண்டியிருக்கிறது. லண்டனிலிருந்து ‘கோலகல்’ இதழை நடத்திவந்த ஹெர்ஸன், முந்தைய தலைமுறையைக் கேலிசெய்யும் இந்தப் போக்கைக் கண்டித்து 1859 ஜூனில் சூடாக எழுதினார். வரிசையில் நின்றவர்களில் ஒருவன் அவர் பெற்ற பிள்ளை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கருத்து விரிய விரிய மெலியும் என்பதற்குப் பின்னாளில் இன்னொரு சாட்சியும் கிடைத்தது. 1922 மார்ச்சில் உலோகத் தொழிலாளர்களிடம் பேசிய லெனின், மூன்று புரட்சிகள் நடந்தும் ஒப்லோமவ்கள் மிச்சமிருக்கிறார்கள் என்றார். பண்ணையார் மட்டுமில்லை, விவசாயியும் படித்தவரும் தொழிலாளியும் கம்யூனிஸ்டும்கூட ஒப்லோமவ்தானாம். கோன்சரோவும் லெனினும் ஒரே ஊர்க்காரர்கள், சிம்பீர்ஸ்க். ஆனால் லெனின் கைக்கு வரும்போது அந்தச் சொல் வெறும் சோம்பலைக் குறிக்கிறது. எல்லோரும் ஒப்லோமவ் என்றால் காலுறையை மாட்டிவிட்டது யார்? தோப்ரலூபவ் கேள்வியை மாற்றிப் போட்டதால் கிடைத்தது அத்தனையும் மேடைப் பேச்சில் கரைந்துவிட்டது.

வேறு நாடுகளிலும் இந்த வகைக் கட்டுரைகள் உண்டு. பிரான்சில் ழூல் தெ கோத்தியே, ஃபுளோபேரின் எம்மா பொவாரியிலிருந்து ‘பொவாரித்தனம்’ என்ற கருத்தை 1892இல் எடுத்தார். மனிதர்கள் தம்மைத் தாம் அல்லாத வேறொருவராகக் கற்பனை செய்துகொள்ளும் ஆற்றல் என்பது அவர் தந்த இலக்கணம். கச்சிதமான இலக்கணம்தான், யாருக்கும் பொருந்தும். அதுவே எனக்குக் குறையாகப் படுகிறது. அதைப் படித்து முடித்ததும் எம்மாவின் கடன் பத்திரங்கள் நினைவில் வருவதில்லை. தோப்ரலூபவைப் படித்து முடித்தால் ஸகாரின் மூக்கு நினைவில் வருகிறது.

கோன்சரோவுக்கே கட்டுரை பிடித்துப்போனது. ஒப்லோமவ்தனம் என்பது என்ன என்பதைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை என்று விமர்சகர் ஆன்னென்கவுக்குக் கடிதம் எழுதினார். இந்தப் பாராட்டை நான் கொஞ்சம் கவனமாகவே படிக்கிறேன். ஒப்லோமவ்தனம் பற்றிச் சொல்ல மிச்சமில்லைதான், ஒப்லோமவ் பற்றி? அந்த மிச்சத்தை அதே ஆண்டின் இறுதியில் இன்னொரு விமர்சகரான அலெக்சாண்டர் துருஜீனின் எழுதினார். தீமை செய்யத் தெரியாத, குழந்தை மனம் கொண்ட இந்த மனிதரை நாம் நேசிக்கிறோமே, அது ஏன் என்று அவர் கேட்டார். சமூகக் கேடு என்று அறிவிக்கப்பட்டவர் சாகும்போது வாசகர் ஏன் கலங்குகிறார் என்ற கேள்விக்குத் தோப்ரலூபவிடம் பதில் இல்லை. ஒப்லோமவ்கா என்ற அந்தப் பழைய ஊருக்கு ஷ்டோல்ஸ் விடைகொடுப்பது அவசரம், அது இன்னும் சாகவில்லை என்று சரியாகவே சொல்கிறார். தேவைப்பட்டால் ஷ்டோல்ஸையும் விட்டுப் போகக்கூடியவள் என்று ஓல்கா மீது நம்பிக்கை வைக்கிறார். அகாஃபியாவிடம் மட்டும் அதிகம் தங்கவில்லை.

தங்கியிருந்தால் அவர் கட்சிக்கே வலுவான சாட்சி கிடைத்திருக்கும். ஒப்லோமவ் இறந்த பிறகு, அவர்களுடைய மகன் அந்திரூஷாவை ஷ்டோல்ஸ் குடும்பம் வளர்க்க எடுத்துக்கொள்கிறது. பண்ணையிலிருந்து வரும் வருமானத்தில் அகாஃபியாவுக்கும் ஒரு பங்கு கொடுக்கிறார்கள். வாங்க மறுத்துவிடுகிறாள். பையனுக்கு இருக்கட்டும், அவன் பிரபு வீட்டுப் பிள்ளை, அவனுக்குத்தான் வேண்டியிருக்கும், தனக்கு இருப்பதை வைத்துப் பிழைத்துக்கொள்ளலாம் என்பது அவள் கணக்கு. துருஜீனின் கண்ட அன்பு, தோப்ரலூபவ் கண்ட ஏற்பாடு இரண்டும் அந்த மறுப்பில் ஒன்றாக இருக்கின்றன. அடுத்த ஒப்லோமவுக்கான முன்பணத்தை, யாரும் கேட்காமலே, ஒரு சமையற்காரி கட்டிவிட்டுப் போகிறாள்.