வாக்ஸ்டாஃபின் கைப்பக்குவம்

ரக்பி லீக் ஆட்டத்தில் 'சென்டர்' எனப்படுபவர், ஓரக்கோட்டை ஒட்டி ஓடும் 'விங்' ஆட்டக்காரருக்கு உட்புறமாக நின்று பந்தை வாங்கி, தடுக்க வரும் எதிரணிக்காரரைத் தம் பக்கம் இழுத்து, அவர் விலக வழியில்லாத கணத்தில் பந்தை வெளியே கொடுத்துவிட வேண்டியவர். பந்தை முன்னோக்கி எறிவது விதிமீறல் என்பதால், முழு வேகத்தில் ஓடியபடியே அதைப் பக்கவாட்டிலோ பின்னாலோதான் தர முடியும். இக்கலையில் தேர்ந்த ஹரால்ட் வாக்ஸ்டாஃபைச் 'சென்டர்களின் இளவரசர்' என்று அக்காலத்தவர் அழைத்தது மிகையன்று.

1891இல் யார்க்‌ஷயரின் ஹோம்ஃபர்த்தில் பிறந்த அவர், 1906 நவம்பரில், பதினைந்து வயதிலேயே ஹடர்ஸ்ஃபீல்டு அணிக்காகக் களமிறங்கினார். ஆட்டத்துக்காக வேலையை விட்டு வரும் தொழிலாளர்களுக்கு இழந்த கூலியை ஈடுசெய்யலாமா என்ற பூசலில் 1895இல் ரக்பியிலிருந்து பிரிந்து உருவாகி, பின்னர் ரக்பி லீக் ஆன வட ஒன்றியம், அதே 1906இல்தான் அணிக்குப் பதினைந்து பேர் என்றிருந்ததைப் பதின்மூன்றாகக் குறைத்தது. ஆள் குறைந்து இடைவெளி கூடிய அந்தக் களம் அவருக்கென்றே அமைந்தது போலிருந்தது. பதினேழு வயதில் இங்கிலாந்துக்கு ஆடினார். இருபது வயதளவில் ஹடர்ஸ்ஃபீல்டின் தலைவரானார். உதைத்து நிலம் பிடிப்பதைவிடக் கைமாற்றி முன்னேறுவதை நம்பிய அவ்வணி, 1914-15 பருவத்தில் அப்போது வெல்லக்கூடியதாயிருந்த நான்கு கோப்பைகளையும் வென்றது. சேலஞ்ச் கோப்பை இறுதியாட்டத்தில் செயின்ட் ஹெலன்ஸை 37-3 என வீழ்த்தியது.

ஆனால் அவர் கலையின் உச்சம் இத்தகைய எளிய வெற்றிகளில் இல்லை. 1914 ஜூலை 4 அன்று சிட்னியில், ஆஸ்திரேலியாவுக்கு எதிராக எட்டு நாளுக்குள் மூன்றாவது டெஸ்டை ஆட நிர்ப்பந்திக்கப்பட்ட பிரிட்டிஷ் அணியில் ஒருவர் பின் ஒருவராகக் காயமுற, மாற்று ஆட்டக்காரருக்கு விதி இடம் தராததால், ஒரு கட்டத்தில் பத்துப் பேரே எஞ்சினர். வலிமைமிக்க முன்வரிசை ஆட்டக்காரரான டக்ளஸ் கிளார்க், விரல் முறிந்த பின்னும் ஆடித் தோளெலும்பும் முறிந்தே வெளியேறினார். அந்த நெருக்கடியில் அவ்வணியின் தலைவர் வாக்ஸ்டாஃப் தடுப்பு வரிசையைப் பிளந்துகொண்டு சென்று, விங்கில் நிறுத்தப்பட்டிருந்த ஜான்சனுக்குப் பந்தை நீட்டினார். ஜான்சனோ முன்வரிசைக்காரர், ஓட்டத்தில் எவரையும் முந்தக்கூடியவர் அல்லர். அவர் பந்தைத் தரையில் போட்டுக் காலால் உருட்டியே எதிரிகளைக் கடந்து, கோட்டுக்கு அப்பால் பந்தை ஊன்றிப் புள்ளி பெறும் 'ட்ரை'யை அடித்தார். ஆட்டம் 14-6 எனப் பிரிட்டிஷ் அணியின் வெற்றியாக முடிந்தது. 1879இல் ஜூலுப் படையைச் சிறு பிரிட்டிஷ் காவற்படை எதிர்த்து நின்ற இடத்தின் பெயரால், அதை 'ரோர்க்ஸ் டிரிஃப்ட் டெஸ்ட்' என்கின்றனர்.

ஹடர்ஸ்ஃபீல்டுக்காக 436 ஆட்டங்களில் அவர் அடித்த ட்ரைகள் 175. சிறிய எண் அன்று. எனினும் அதைக்கொண்டு மட்டும் அவரை எடைபோடுவது பிழை, ஏனெனில் அவர் பிறருக்கு அமைத்துக் கொடுத்தவை அக்கணக்கில் சேராதவை. அதே அணியின் விங் ஆட்டக்காரர் ஆல்பர்ட் ரோசன்ஃபெல்ட் 1913-14இல் மட்டும் 80 ட்ரைகள் அடித்ததையும் சேர்த்துப் பார்த்தால்தான், வாக்ஸ்டாஃப் தலைமையேற்ற ஆட்டமுறையின் செழிப்பு விளங்கும்.