டெமராராவின் இரத்தசாட்சி யார்?

1823 ஆகஸ்டு 18ஆம் நாள், இன்று கயானா என வழங்கும் நாட்டின் ஒரு பகுதியாகிய டெமராராவில், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அடிமைகள் பிரித்தானியத் தோட்ட முதலாளிகளுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். இந்நிகழ்ச்சியைப் பற்றி மிஷனரி உலகுக்காக எழுதப்பட்ட நூல்களுள் ஒன்று, எட்வின் ஏஞ்சல் வால்பிரிட்ஜ் 1848இல் வெளியிட்ட 'டெமராராவின் இரத்தசாட்சி' என்பதாகும். நூலின் தலைவர் இலண்டன் மிஷனரி சங்கத்துப் போதகர் ஜான் ஸ்மித். கிளர்ச்சிக்கு உடந்தையாயிருந்தார் என்று இராணுவ நீதிமன்றம் அவருக்கு மரணதண்டனை விதித்தது. அரசரின் கட்டளை வந்து சேருமுன், 1824 பிப்ரவரி 6இல், அவர் காசநோயால் சிறையிலேயே மரித்தார். அவர் குற்றமற்றவர் என நிறுவுவதே வால்பிரிட்ஜின் நோக்கம். அதில் அவர் வெற்றி பெறுகிறார். ஆயினும் அவ்வெற்றிக்காகச் சுவிசேஷத்தின் வல்லமையையே விட்டுக்கொடுக்கிறார் என்பது நம் குற்றச்சாட்டு.

கிளர்ச்சியின் காரணங்கள் தெளிவானவை. பெண்களைச் சவுக்கால் அடிப்பதையும் வயலில் சவுக்கு ஏந்துவதையும் விலக்கும்படி இலண்டனிலிருந்து புறப்பட்ட கட்டளை 1823 ஜூலையில் டெமராராவை எட்டியது. குடியேற்ற ஆட்சியினர் அதனை வெளியிடாது காலந்தாழ்த்தினர். அரசர் விடுதலை அளித்துவிட்டார், எசமானர் மறைக்கின்றனர் என்ற பேச்சு தோட்டந்தோறும் பரவியது. அதற்கு முன்னரே, எசமானின் அனுமதிச்சீட்டு இன்றி ஆலயத்துக்குச் செல்லலாகாது என ஆளுநர் மர்ரே ஆணையிட்டிருந்தார். பெத்தேல் ஆலயத்தின் தலைமை உதவிக்காரர் குவாமினா, நோயுற்ற தம் மனைவியை உடனிருந்து பேண அனுமதி பெறாமல், ஒருநாள் வேலை முடிந்து வந்து அவளைப் பிணமாகக் கண்டவர். இவற்றுக்கு எந்த மிஷனரியின் தூண்டுதலும் வேண்டியதில்லை.

ஆனால் திருமறைக்கு இதில் பங்கே இல்லையா? உண்டு என்றனர் வழக்குத் தொடுத்தோர். யாத்திராகமம் வாசிக்கப்பட்டதையும், கிளர்ச்சிக்கு முந்திய நாள் லூக்கா 19:41, 42 பிரசங்க வாக்கியமானதையும் எடுத்துக்காட்டினர். ஸ்மித்தின் நாட்குறிப்போ வேறொன்றைக் காட்டுகிறது. ஆதியாகமம் 13ஆம் அதிகாரத்தின் பிற்பகுதியில் தேசத்தைக் குறித்த வாக்குத்தத்தம் உள்ளது. அடிமைகள் அதற்குத் தமக்கேற்பப் பொருள் கொள்வரென அஞ்சி, அதனை அவர் வாசியாது விட்டார். அடிமைகள் தம் நிலைமையில் மனக்குறை கொள்ளத்தக்க ஒரு சொல்லும் பேசலாகாது என்பது சங்கத்தின் அறிவுரை. (அவ்வாண்டுகளில் தென்திருவிதாங்கூரில் ஊழியஞ்செய்ததும் இதே சங்கமே, எனவே இதனை அயல்நாட்டுச் செய்தியாகத் தள்ளிவிட நமக்கு உரிமையில்லை.) வேதம் எவ்விடத்தில் சுடும் என்பதை ஸ்மித் அறிந்திருந்தார்; அறிந்ததனாலேயே அப்பக்கத்தைப் புரட்டினார். அவர் பிரசங்கத்துக்கும் கிளர்ச்சிக்கும் தொடர்பே இல்லை என்று வாதிடுவது ஒரு பிரசங்கியாருக்குப் புகழுரையாமோ? இவ்வொன்றில் அவருடைய எதிரிகள் நண்பரைவிட வேதத்தை நன்கு உணர்ந்திருந்தனர்.

எமிலியா வியோட்டி டா கோஸ்டா 1994இல் வெளியிட்ட 'மகிமையின் கிரீடங்கள், இரத்தக் கண்ணீர்' என்னும் ஆய்வு இக்குறையை நீக்குகிறது. பல தோட்டத்தாரும் ஞாயிறுதோறும் கூடிய ஆலயம், அடிமைகள் ஒருவரையொருவர் அறியவும் தம் உரிமையைப் பேசவும் இடமாயிற்று என்பதை அவர் காட்டுகிறார். ஜெபத்தை ஜெபமாகக் காண்பதைவிட உரிமையின் மொழியாகக் காண்பதிலேயே அவருக்கு நாட்டம் மிகுதி. எனினும் குவாமினாவை நாம் முகமுகமாய்ச் சந்திப்பது இங்கேதான். மகன் ஜாக் கிளாட்ஸ்டன் எழுச்சிக்கு ஆயத்தஞ்செய்தபோது பொறுத்திருக்கச் சொன்னவர் அவர். கிளர்ச்சியாளர் எசமானரைத் தொழுமரத்தில் மாட்டினர். கொல்லப்பட்ட வெள்ளையர் இரண்டு மூன்று பேரே. அடக்க வந்தவர்களோ இருநூறு பேருக்குக் குறையாமல் கொன்றனர். குவாமினா செப்டம்பர் 16இல் சுடப்பட்டார். அவர் உடல் சக்சஸ் தோட்டத்தின் முன் சங்கிலியில் தொங்கவிடப்பட்டது. வால்பிரிட்ஜின் தலைப்பு அவருக்கு உரியதாகவில்லை. ஜார்ஜ்டவுன் நகரில் மர்ரேயின் பெயர் தாங்கிய வீதி குவாமினா வீதியாக மாறியது 1985இல்தான்.

விளைவுகளிலும் இதே கோணல் உண்டு. ஸ்மித்தின் வழக்கைக் கண்டித்து 1824 ஜூனில் பிரௌம் பாராளுமன்றத்தில் கொணர்ந்த தீர்மானம் தோற்றது. ஆயினும் இங்கிலாந்துச் சபைகளை உலுக்கியது அந்த ஒரு போதகரின் மரணமே. 1833ஆம் ஆண்டுச் சட்டம் அடிமைத்தனத்தை ஒழித்தபோது, இரண்டு கோடி பவுன் இழப்பீடு எசமானருக்குச் சென்றது. அடிமைகளுக்கு ஒரு காசும் இல்லை. சக்சஸ் தோட்டத்தின் உடைமையாளர் ஜான் கிளாட்ஸ்டன் அடுத்து இந்தியாவை நோக்கினார். அவர் முயற்சியால் 1838 மே மாதம் கல்கத்தாவிலிருந்து சென்ற இரு கப்பல்களில் இந்தியக் கூலிகள் டெமராராவில் இறங்கினர். பின்னாளில் சென்னையிலிருந்தும் ஆட்கள் ஏற்றப்பட்டனர்.